பார்த்த படத்தையே பார்த்துச் சிரிக்கலாமா?

கேள்வி:

எனக்கு வயது 63. கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங் மோ கியோவில் மகள், மருமகனுடன் வசிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு என் மனைவி காலமானார். கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்த பதினோராவது வாரம் மண்டாய் தகனச்சாலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம்.

நாங்கள் இருவருமே புத்தகப் பைத்தியங்கள். சனிக்கிழமை காலை நூலகம், பிறகு கோப்பிக்கடை, பிறகு வீடு என்றுதான் பல வருடங்கள் ஓடின. அவர் குடும்ப நாவல்கள் எடுப்பார், நான் சரித்திர நாவல்கள். இப்போது புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இரவில் தூக்கம் வராதபோது கைப்பேசியில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளைப் பார்க்கிறேன். எல்லாம் அவரோடு சேர்ந்து பலமுறை பார்த்தவை. அடுத்த வசனம் என்னவென்று தெரிந்தும் சிரிக்கிறேன். ஒருநாள் இரவு இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்த மகள் நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அறைக்குப் போய்விட்டாள். மறுநாள், "இப்படி ஃபோனுக்குள் ஒளிந்துகொண்டால் எப்படி அப்பா?" என்று கேட்டாள். துயரத்திலிருந்து மீள்வதைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள். அதில் ஐந்து படிகள் என்று போட்டிருக்கிறது. நான் முதல் படியிலேயே நிற்கிறேனோ என்னவோ.

சமையலறையில் என் மனைவி எந்நேரமும் வானொலி வைத்திருப்பார். அவர் போன நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அவர் கடைசியாக இரவல் எடுத்த நூலகப் புத்தகமும் வீட்டிலேயே இருக்கிறது. பாதிவரை படித்து, மருத்துவமனையில் கொடுத்த வரிசை எண் சீட்டை அடையாளமாக வைத்திருக்கிறார். திருப்பிக் கொடுக்க மனமில்லை, எடுத்துப் படிக்கத் தைரியமில்லை. சில இரவுகளில் நானும் அவரோடு போயிருக்கலாமே என்று தோன்றும். மனைவியைப் பறிகொடுத்தவன் சிரிப்புப் படம் பார்த்துக்கொண்டிருப்பது சரியா? எனக்குப் படிக்கும் பழக்கம் மறுபடியும் வருமா?

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு,

கேள்விகளுக்கு வருமுன், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியை நான் விட்டுவிட முடியாது. நானும் அவரோடு போயிருக்கலாமே என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவரை இழந்த பலரும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது பிரிவின் ஆற்றாமை, அவர் இல்லாத வீட்டில் இருப்புக் கொள்ளாத தவிப்பு. ஆனால் சிலருக்கு அந்த எண்ணம் அதோடு நிற்காமல் எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விடும். உங்களுடையது எது என்று ஒரு கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியும். இரண்டாவது என்றால், அல்லது உங்களுக்கே சந்தேகம் என்றால், இந்தப் பதிலின் மிச்சத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, தேசிய மைண்ட்லைனின் 1771 ஆகிய இரண்டு எண்களுக்கும் 24 மணி நேரமும் அழைக்கலாம். நள்ளிரவில் கூப்பிட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். அந்த நேரத்தில் வரும் அழைப்புக்காகத்தான் அவர்கள் விழித்திருக்கிறார்கள். அந்நியரிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த அறைக் கதவைத் தட்டி மகளை எழுப்புங்கள். தூக்கம் கெட்டதே என்று எந்த மகளும் வருத்தப்பட மாட்டாள்.

இனி சிரிப்புக்கு வருவோம்.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இன்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. இறந்தவருக்குக் காரியம் செய்யும் நாளில் இரவு முழுக்கத் தெருக்கூத்து வைப்பார்கள். பெரும்பாலும் கர்ண மோட்சம்தான். போர்க்களத்துக்குப் புறப்படும் கர்ணன், தடுக்கும் மனைவி, கடைசியில் சாவு என்று போகும் கதை. அதே கூத்தில் கட்டியங்காரன் என்றொரு ஆள் உண்டு. இடையில் புகுந்து ராஜாவைக் கிண்டல் செய்வான், ஊர்ப் பெரியவரை வம்புக்கு இழுப்பான், கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். சிரிக்கிறவர்களில் அந்த வீட்டுக்காரர்களும் இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கர்ணன் சாயும்போது அதே ஆட்கள் விம்முவார்கள். செத்த வீட்டில் சிரித்தார்கள் என்று யாரும் குறை சொல்வதில்லை. நகரத்துக்கு வந்து, மூன்று நாள் விடுப்பில் சாவையும் சடங்கையும் முடித்துவிடப் பழகிய பிறகுதான், துக்கத்தில் இருப்பவர் இந்த முகத்தோடுதான் இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு நமக்கு வந்ததோ என்று நினைக்கிறேன்.

உளவியலாளர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கெல்ட்னர், பொனானோ என்ற இருவர் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாழ்க்கைத் துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதம் ஆனவர்களை, இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி, பேசும்போது அவர்களுடைய முகங்களைக் கவனித்தார்கள். இடையிடையே கண்ணும் சேர்ந்து உண்மையாகவே சிரித்தவர்களிடம் கோபமும் மன உளைச்சலும் குறைவாக இருந்தன. பிறரோடு அவர்களுக்கு இருந்த உறவும் மேலாக இருந்தது. சிரித்தால் துக்கம் ஆறிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம், ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. சிரிக்க முடிகிறவர் இறந்தவரை மறந்துவிட்டார் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. அதிலும் நீங்கள் சிரிப்பது அவரும் சிரித்த இடங்களுக்கு.

அடுத்தது, பார்த்ததையே பார்ப்பது. உங்கள் மகள் இதை ஒளிந்துகொள்வது என்கிறார். நான் வேறு மாதிரி பார்க்கிறேன்.

அந்தப் பதினோரு வாரங்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் ஏதோ ஒன்று காத்திருந்தது. ஸ்கேன் முடிவு என்ன வரும், இன்றைக்குச் சாப்பிடுவாரா, வார்டிலிருந்து இந்த நேரத்தில் ஏன் கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொரு மணி நேரமும் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் கழிந்திருக்கும். அப்படி அடிபட்டு வந்த மனத்துக்கு, அடுத்த வசனம் என்னவென்று முன்கூட்டியே தெரிந்த பத்து நிமிடம் பெரிய இளைப்பாறல். அந்தக் காட்சியில் யாருக்கும் திடீரென்று ஒன்றும் ஆகப்போவதில்லை. குடம் உடையும் இடத்தில் உடையும், மாமனார் வழுக்கி விழும் இடத்தில் விழுவார். புதிய படம் இந்த உத்தரவாதத்தைத் தராது. நல்ல நகைச்சுவைப் படம் என்று யாரோ சொன்னதை நம்பி உட்காருவீர்கள், இருபதாவது நிமிடத்தில் மருத்துவமனைக் காட்சி ஒன்று வந்து நிற்கும்.

நம் மக்களுக்கு இது புதிதும் இல்லை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் ஒவ்வோர் ஆண்டும் தீமிதிக்கு முந்தைய வாரங்களில் பாரதக் கதையின் கட்டங்கள் சடங்குகளாக நடக்கின்றன. யார் வெல்வார், யார் சாவார் என்று தெரியாமல் அங்கே யாரும் வருவதில்லை. வீட்டில் கஷ்டம் என்றால் சுந்தர காண்டம் படிக்கச் சொல்லும் பாட்டிகளும், அனுமன் சீதையைக் கண்டுபிடித்துவிடுவான் என்பது தெரியாதவர்கள் இல்லை. தெரிந்த கதையை வேண்டிய நேரத்தில் மறுபடியும் போய்க் கேட்பது நம்மிடம் எப்போதோ ஊறிப்போன பழக்கம். ஆனால் ஒருவர் நாற்பது வருடமாக ஒரே பாராயணத்தைப் படித்தால் பக்தி என்கிறோம், அதே ஆள் ஒரே நகைச்சுவைக் காட்சியைப் பத்து முறை பார்த்தால் என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படுகிறோம். நகைச்சுவை நடிகர்களுக்கு இந்த ஊரில் எப்போதுமே மரியாதை கொஞ்சம் குறைவு.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம். நீங்கள் பார்ப்பது படமாக இல்லை, துண்டுகளாக இருக்கிறது. கைப்பேசியில் ஒரு காட்சி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். எதை ஓட விடுவது என்று தீர்மானிப்பது நீங்கள் இல்லை. அதற்கு முடிவு என்று ஒன்றும் கிடையாது. ஒரு முழுப் படத்துக்கு முடிவு உண்டு, வணக்கம் போட்டுவிடுவார்கள். ஒரு சிறுகதை முடியும், வானொலி நிகழ்ச்சி முடியும். முடிகிற பொருளைப் பார்த்துவிட்டு எழுந்தால் உடம்புக்கும் ஒன்று முடிந்தது என்று தெரிகிறது. முடியாத பொருளிலிருந்து எழுந்திருக்க நாமே நம்மைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அதற்கான தெம்பு யாருக்கும் இருக்காது.

ஆகவே படங்களை விடச் சொல்லவில்லை. அவற்றை இடம் மாற்றுங்கள் என்கிறேன். படுக்கையிலிருந்து கூடத்துக்கு, கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்கு, நள்ளிரவிலிருந்து சாப்பாட்டுக்குப் பிந்தைய எட்டு மணிக்கு. அந்த நகைச்சுவைக் காட்சி எந்தப் படத்தில் வருகிறதோ அந்தப் படத்தை முதலிலிருந்து போடுங்கள். சலிப்பூட்டும் பாட்டு வந்தால் எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வாருங்கள், அதற்காகத்தானே அந்தப் பாட்டு. முடிந்த பிறகு உங்களையே கொஞ்சம் கவனியுங்கள். மூச்சு இளகியிருக்கிறதா, கொட்டாவி வருகிறதா? அப்படியானால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது, கூச்சப்படாமல் தொடரலாம். அல்லது உள்ளே ஒரே வெறுமையாக இருந்து, அடுத்து என்ன இருக்கிறது என்று விரல் தேடுகிறதா? அது வேறு. அந்த வகையைக் குறைத்துக்கொள்வது நல்லது. எதைப் பார்த்தீர்கள், அது உயர்ந்த ரகமா மலிவான ரகமா என்ற விசாரணை இப்போதைக்குத் தேவையில்லை.

புத்தகம் ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நாவல் படிப்பது உட்கார்ந்துகொண்டே செய்யும் கடினமான வேலை. அதிலும் நீங்கள் எடுப்பது சரித்திர நாவல். முதல் அத்தியாயத்திலேயே இரண்டு அரச வம்சம், ஒரு ஒற்றன், பெயர் சொல்லாத குதிரை வீரன், அவன் இடுப்பில் ஓர் ஓலை. இவர்கள் எல்லாரையும் அடுத்த அத்தியாயம்வரை மனத்தில் சுமந்துகொண்டு போனால்தான் கதை. துக்கத்தில் இருக்கும் மூளைக்கு அவ்வளவு கைகள் கிடையாது. அது ஏற்கெனவே வேறொன்றைச் சுமந்துகொண்டிருக்கிறது. தூக்கமும் கெட்டிருக்கிறது. குதிரை வீரன் சுரங்கப்பாதையில் நடந்துபோகிறான் என்று படிக்கிறீர்கள், மனம் வார்டு நடைவழியில் நடக்கிறது. திரும்பி வந்து அதே வரியைப் படிக்கிறீர்கள். இதைச் சொல்லி என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர். ஆசிரியர்கள், கணக்காளர்கள், வாழ்நாள் முழுக்கப் படித்தே பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். புத்தி மழுங்கிவிட்டது, மறதி நோயின் ஆரம்பமோ என்றெல்லாம் பயந்துபோய் வருவார்கள். உறக்கம் சீரானதும் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் மெல்ல விலகும்.

அதுவரை பழைய வாசகரை நீங்கள் அதட்டிக் கூப்பிட வேண்டாம். ஐந்து பாகம், ஏழு பாகம் எல்லாம் அலமாரியிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன ஒரு நாவலை எடுத்து, நடுவில் உங்களுக்குப் பிடித்த அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டும், கடைசிவரை போக வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. சிறுகதை என்றால் நான்கு பக்கத்துக்குள் முடிவதாகப் பார்த்து எடுங்கள். கதையே வேண்டாம் என்று தோன்றினால் கதை இல்லாத புத்தகம் எடுங்கள். கப்பல்களைப் பற்றி, பறவைகளைப் பற்றி, பழைய சிங்கப்பூரின் தெருக்களைப் பற்றி. உங்கள் தொழிலில் உங்களுக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவர் தப்பாக எழுதியிருந்தால் இன்னும் நல்லது. கோபம் வந்து பத்துப் பக்கம் ஓடிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கிறது. நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற தளத்தில் தேதி போட்டுத் தேடலாம். உங்களுக்குத் திருமணமான வாரத்தில் என்ன நடந்தது, திரையரங்கில் என்ன படம் ஓடியது, சேலை விளம்பரத்தில் என்ன விலை போட்டிருந்தார்கள் என்று பார்க்கலாம். செய்தித்தாளில் ஒரு பத்தி பிடிக்காவிட்டால் கண் அடுத்த பத்திக்குப் போய்விடும், எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் திருமணத் தேதியை முதல் நாளே தேட வேண்டாம். நீங்கள் பிறந்த வருடத்திலிருந்து தொடங்குங்கள்.

நூலகச் செயலியில் மின்னூல்களும் இரவல் கிடைக்கின்றன. அவற்றின் ஒரே அனுகூலம் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது. களைத்த கண்ணுக்கு ஒரு பக்கத்தில் பதினைந்து வரி போதும். அதே கைப்பேசிதானே என்று மகள் கேட்டால், மின்னூல் தானாக அடுத்த புத்தகத்துக்குத் தாவாது என்று சொல்லுங்கள்.

அழ வேண்டும் போலிருந்தும் அழுகை வராத நாள் ஒன்று வரும். அதற்கு மட்டும் ஒரு குறிப்பு. சங்கப் பாடல்களில் இறந்தவரை நினைத்துப் பாடும் கையறுநிலை என்றொரு துறையே இருக்கிறது. புறநானூற்றில் பாரியின் மகள்கள் பாடியதாக உள்ள பாட்டு ஐந்தே வரி. போன மாத நிலவில் அப்பாவும் இருந்தார், எங்கள் குன்றும் இருந்தது, இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை, அவ்வளவுதான் செய்தி. காலம் ஆற்றும் என்றோ எல்லாம் நன்மைக்கே என்றோ அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. நம் மனத்தில் இருப்பதை இன்னொருவரும் மழுப்பாமல் சொல்லியிருக்கிறார் என்ற துணைதான் அதில் கிடைக்கிறது. பள்ளியில் படித்திருப்பீர்கள். தேர்வுக்குப் படித்தது வேறு, இப்போது படிப்பது வேறாக இருக்கும். உரையோடு உள்ள பதிப்பாகவே எடுங்கள். ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம்.

மகள் கொடுத்த புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து படிகள் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் 1969இல் எழுதியதிலிருந்து வருகின்றன. அவர் பேட்டி கண்டது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளை. தங்கள் மரணத்தை அவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பிறகு அதைத் துணையை இழந்தவருக்கு, வேலை இழந்தவருக்கு, காதலில் தோற்றவருக்கு என்று எல்லாருக்கும் நீட்டிவிட்டார்கள். ஐந்து படியையும் வரிசையாக ஏறித்தான் வெளியே வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நீங்கள் முதல் படியிலும் இல்லை, ஏனென்றால் அங்கே படிக்கட்டே இல்லை. நான் வேலையில் அதிகம் நம்புவது 1999இல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதியதை. துக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போவார், கொஞ்ச நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம் வருவார், இப்படி மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு, இடையிடையே துக்கத்திலிருந்து ஓய்வெடுப்பதும் அதில் சேர்த்தி என்பது அவர்கள் கருத்து. பகலில் வங்கிக் கணக்கில் பெயர் மாற்றப் போய் வரிசையில் நிற்பதும், மாலையில் அவருடைய சேலைகளை மடிக்க உட்கார்ந்து முடியாமல் எழுந்துவிடுவதும், இரவில் நகைச்சுவைக் காட்சிக்குச் சிரிப்பதும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் நடக்கலாம். மகள் கொடுத்த புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டாம், மனம் நோவார். அலமாரியில் வையுங்கள். அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தால் அதிலும் ஏதாவது கிடைக்கலாம்.

வானொலிதான் கொஞ்சம் கவனமாகத் தொட வேண்டிய பொருள். புத்தகத்தை மூடலாம், படத்தை நிறுத்தலாம். பாட்டு அப்படியில்லை. பல்லவியின் முதல் இரண்டு ஸ்வரம் காதில் விழுந்தாலே ஆள் வேறொரு வருடத்துக்குப் போய்விடுவார். ஒலி 96.8இல் அடுத்து எந்தப் பாட்டு வரும் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் உங்கள் மனைவி வழக்கமாகச் சமைத்த நேரத்தில் போட வேண்டாம். வேறு ஒரு வேளையில், செய்தியோ கலந்துரையாடலோ வரும் நேரம் பார்த்து, நீங்களே போடுங்கள். வீட்டில் ஒரு தமிழ்க் குரல் இன்றைய தேதியையும் மழை வருமா என்பதையும் சொல்லிக்கொண்டிருப்பது தனியாகப் பகல் பொழுதைக் கழிப்பவருக்குச் சின்ன உதவி இல்லை. பாட்டு வந்து அழுகை வந்தால் அழுதுவிட்டுப் போங்கள். அணைத்துவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கும் அது ஒலிபரப்பாகும்.

நூலகப் புத்தகத்துக்கு வருகிறேன். இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு: திருப்பிக் கொடுங்கள். அது தவணை கடந்து வீட்டில் கிடக்கும்வரை, அவர் செய்யாமல் விட்டுப்போன காரியம் ஒன்று மேசைமேல் இருப்பதுபோலவே உங்களுக்கு இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தை, சீட்டு வைத்தபடியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்க எண் தெரிய வேண்டும். சீட்டு உங்களுடையது, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில், கூட்டம் இல்லாத பிற்பகலில் போங்கள், முடிந்தால் மகளையோ மருமகனையோ கூட்டிக்கொண்டு. புத்தகத்தைத் திருப்பும் பெட்டியில் போட்டுவிட்டு வராமல் பணியாளரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். உங்கள் மனைவியின் உறுப்பினர் கணக்கு, தாமதக் கட்டணம் எல்லாவற்றையும் அங்கேயே கேட்டு முடித்துவிடலாம்.

அதே புத்தகத்தை உங்கள் பெயரில் மறுபடியும் எடுக்கத் தோன்றினால் எடுங்கள், 21 நாள் கிடைக்கும். ஆனால் அவர் நிறுத்திய பக்கத்திலிருந்து தொடங்கி அவருக்காக முடித்து வைக்கிறேன் என்று இறங்க வேண்டாம். அது படிப்பாக இருக்காது, காரியம் செய்வதாகிவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் இது அவர் படிக்காத பக்கம் என்ற எண்ணம்தான் ஓடும். படிப்பதென்றால் முதல் பக்கத்திலிருந்து, உங்களுக்காகப் படியுங்கள். இத்தனை வருடம் அவர் எடுத்த குடும்ப நாவல்களை நீங்கள் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், சரித்திர நாவல்காரர்களுக்கு அந்தக் குணம் உண்டு. அவரை எது அந்தக் கதைகளில் பிடித்து வைத்தது என்று பார்க்கலாம். ஒரு முன்னெச்சரிக்கை மட்டும். கதையில் நோயோ மரணமோ வருகிறதா, முடிவு எப்படி என்று யாரையாவது முதலில் புரட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பதெல்லாம் நல்ல நாளில் படிப்பவர்களின் கவலை.

கடைசியாக உங்கள் மகள். அவர் இழந்தது அம்மாவை. அந்த இரவு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனதை நீங்கள் கண்டனமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா அப்பாவோடு சேர்ந்து சிரித்த சத்தத்தைக் கேட்டே வளர்ந்த பெண், இருட்டில் ஒரு குரல் மட்டும் சிரிப்பதைக் கேட்டிருக்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் போயிருப்பார். புத்தகம் வாங்கிக் கொடுத்ததும் அந்தத் தெரியாமைதான்.

ஒருநாள் அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அம்மாவுக்கு மிகப் பிடித்த காட்சி எது என்று உங்களுக்குத் தெரியும், அதைப் போடுங்கள். இங்கே படித்து, ஆங்கிலத்திலேயே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து வசனத்தின் வேகம் பிடிபடாது. சிலேடை புரியாது, ஜமீன்தாரின் கணக்குப்பிள்ளை யார், அவர் ஏன் பயப்படுகிறார் என்பதும் புரியாது. நிறுத்தி நிறுத்தி விளக்க வேண்டியிருக்கும். விளக்குங்கள். விளக்கும்போது அம்மா எந்த இடத்தில் முந்திக்கொண்டு வசனத்தைச் சொல்லிவிடுவார், எந்த இடத்தில் சிரித்து இருமல் வரும் என்பதெல்லாம் தானாக உங்கள் வாயிலிருந்து வரும். மருமகனையும் விட்டுவிடாதீர்கள். துக்க வீட்டில் மருமகன்கள் பாடு எப்போதும் தர்மசங்கடம்தான். எங்கே உட்காருவது என்றே தெரியாமல் நிற்பார்கள்.

படிப்பு மறுபடியும் வருமா என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் பெரும்பாலும் வருகிறது. ஆனால் போன இடத்திலேயே வந்து நிற்பதில்லை. நாவல் படித்தவர் கட்டுரைக்குப் போவதும், படிக்கிறவர் கேட்கிறவராக மாறுவதும் உண்டு. முன்பு வாரத்துக்கு மூன்று புத்தகம் படித்தேனே என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

நான்கு மாதம் என்பது சீக்கிரம்தான். உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் நீடித்த துயரம் என்பதற்கு ஆறு மாதத்தைக் குறைந்தபட்ச எல்லையாக வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டியும் பெரும்பாலான நாட்களில் அவரைத் தவிர எதையும் நினைக்க முடியவில்லை, சாப்பாடு, குளியல், வெளியே போவது எல்லாம் தடைப்படுகின்றன என்றால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் வட்டாரக் குடும்ப சேவை நிலையத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் குடும்பங்களுக்கான உதவி உண்டு, தமிழ் பேசுபவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். தூக்கத்துக்கு மட்டும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது இரவு எத்தனை மணிக்குக் கண் மூடுகிறீர்கள், எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்று ஒரு வாரத்துக்கு எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரை ஏதாவது கையில் இருந்தால் அதையும் எடுத்துப்போய் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.